நடுவில் போட்ட நாற்காலி

‘மூணு ஷிஃப்ட் வீடு’ - அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சசிரேகாவை நாம் மகள் சுபஸ்ரீயின் அறையில், கையில் துடைப்பத்தோடு விட்டுவிட்டு வந்தோம். கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனிந்தவள் கண்ணில் ஒரு நீலப் பை பட்டது. உள்ளே மடித்து வைத்த சுடிதார்கள், சோப்பு டப்பா, சார்ஜர், மேலாக ஒரு வேலை உத்தரவுக் கடிதம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை, தங்குவது கம்பெனி ஹாஸ்டல், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற மகள் வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்பதை ஒரு பையைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பாவம், உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, புருஷனையும் மகளையும் ஸ்ரீபெரும்புதூரில் குடும்ப ஆலோசகர் அறிவுமதியைப் பார்க்க வரச் சம்மதிக்க வைத்தாள். “ஒரே ஒரு தடவதான்” என்று ஜீவானந்தம் ஆள்காட்டி விரலை உயர்த்திச் சொல்லிவிட்டான். அந்த ஒரு தடவை இன்றைக்கு, சனிக்கிழமை காலையில்.

மண்ணூரில் இவர்கள் வீட்டில் பேச்சு என்பது சசிரேகா வழியாகத்தான் போகும், வரும். ஜீவானந்தம் ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். அவன் வரும்போது மகள் தூங்குவாள், மகள் கிளம்பும்போது அவன் தூங்குவான். ஆகவே “அவளாண்ட சொல்லு”, “அப்பாகிட்ட சொல்லு” என்று இரண்டு பக்கமும் பழகிப்போயிற்று. சசிரேகாவும் சொல்லுவாள். ஆனால் சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கமாட்டாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல, கடினமானதையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்.

இன்று காலை நடந்ததையே பாருங்களேன்.

“தூக்கத்த கெடுத்துக்கினு வரேன். அங்க வந்து ஊமை மாதிரி குந்திக்கினு இருக்கக் கூடாதுன்னு அவளாண்ட சொல்லு” என்றான் ஜீவானந்தம், ஷேவ் செய்துகொண்டே.

சசிரேகா உள்ளே போனாள். “அப்பா உனக்காக தூக்கத்தக்கூட விட்டுட்டு வராருடி.”

“யாரும் எனக்காக வர வேணாம்னு சொல்லு. நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

சசிரேகா வெளியே வந்தாள். “அவளும் கெளம்பிட்டாங்க.”

ஜீவானந்தம் பைக்கை எடுத்தான். சுபஸ்ரீ பைக் பக்கமே திரும்பாமல் ஷேர் ஆட்டோவுக்கு நடந்தாள். யாரோடு போவது என்று ஒரு நொடி தெருவில் திகைத்து நின்ற சசிரேகா, கடைசியில் பைக்கில் ஏறினாள். வழிநெடுகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

அறிவுமதியின் அறை ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அறிவுமதியோ சசிரேகாவைவிடச் சின்னவள், காட்டன் புடவையும் சாதாரண ரப்பர் செருப்புமாக இருந்தாள். இவளா நம் வீட்டைச் சரிசெய்யப்போகிறாள் என்று சசிரேகாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாற்காலிகள் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. “எங்க உக்காரணும்னு தோணுதோ அங்க போட்டுக்குங்க” என்றாள் அறிவுமதி.

ஜீவானந்தம் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டான். சுபஸ்ரீ எதிர்க்கோடியில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சசிரேகா யோசிக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் நட்டநடுவில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகம் தெரிகிற மாதிரி தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஆரம்பித்தவன் ஜீவானந்தம்தான்.

“மேடம், எங்க கம்பெனில ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆச்சுன்னா, ஏன், ஏன்னு அஞ்சு தடவ கேப்போம். கடைசில ரூட் காஸ், அதான் மூலகாரணம், வந்துரும். எந்த ஸ்டேஷன்ல, யாரால ஆச்சுன்னு தெரிஞ்சிரும். நல்லா படிச்சுக்கினு இருந்த பொண்ணு மேடம். மணிமங்கலம் பக்கத்துல காலேஜ். திடீர்னு போவ மாட்டேன்னு நின்னுட்டா. ரூட் காஸ் இன்னான்னு நீங்க கண்டுபுடிச்சுக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.”

“நான் ரிஜெக்ட் பீஸாம்” என்றாள் சுபஸ்ரீ, ஜன்னலைப் பார்த்து.

“அப்பா அப்பிடிச் சொல்லலடி” என்று அந்தப் பக்கம் திரும்பினாள் சசிரேகா. உடனே இந்தப் பக்கம் திரும்பி, “அவ உங்கள ஒண்ணும் சொல்லலங்க” என்றாள்.

அறிவுமதி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அப்படி இருந்திருந்தால் ஜீவானந்தம் அப்போதே எழுந்து போயிருப்பான். “நீங்க கேக்கறது அக்கறைலதான் சார். ஆனா இந்த ரூம்ல ரிஜெக்ட் பெட்டி கிடையாது. யார் தப்புன்னு கண்டுபுடிக்கிற வேலைய நான் செய்யறதும் இல்ல. உங்க வூட்டப் பத்தி உங்க மூணு பேருக்குத் தெரிஞ்சதுல கால்வாசிகூட எனக்குத் தெரியாதே.”

“அப்போ நீங்க இன்னாதான் மேடம் பண்ணுவீங்க?”

“கூட உக்காந்திருப்பேன். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்குதான்னு பாத்துக்குவேன். ஒரே ஒரு ஏற்பாடுதான். அவங்கவங்க மனசுல இருக்கறத அவங்கவங்கதான் சொல்லணும். இன்னொருத்தருக்காக யாரும் பேசக் கூடாது. சம்மதமா?”

“அவங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்தாங்க மேடம்” என்றாள் சசிரேகா.

சுபஸ்ரீ மூக்கால் சிரித்துவிட்டாள். ஜீவானந்தத்தின் மீசையும் ஒரு கணம் ஆடியது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்தபோது சசிரேகாவுக்கு முகம் சுட்டது.

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் காற்று வந்ததுபோல் இருந்தது. அறிவுமதி அதைப் பிடித்துக்கொண்டு, “அப்பா மேல ரொம்பக் கோவமா சுபா?” என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

“இது என் தப்பு” என்றாள் அறிவுமதி. “கோவம்னு நானே பேர் வெச்சுட்டேன். உனக்குள்ள இருக்கறது இன்னான்னு உனக்குத்தான் தெரியும். அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோ.”

கம்பெனியில் ஒரு மேனேஜர் இப்படிச் சொல்லி ஜீவானந்தம் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான்.

சுபஸ்ரீயும் பார்த்தாள். “கோவமில்ல” என்றாள் மெதுவாக. “என்னைப் பத்தி அவருக்கு ஒண்ணுமே தோணல. அதான்.”

“ஐயோ, அப்பாவுக்கு உன்மேல உசுருடி...” என்று சசிரேகா பாய்ந்தாள்.

“அக்கா” என்றாள் அறிவுமதி. “உங்ககிட்ட ஒரு உதவி கேக்கறேன். உங்க நாற்காலிய கொஞ்சம் நகத்தி, எம் பக்கத்துல, இந்தச் சுவரோரமா போட்டுக்கறீங்களா? பாரம் தூக்கறவங்க நடுவுல கொஞ்சம் எறக்கி வெக்கறதில்லையா, அது மாதிரி.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நாலடி நகர்த்துவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சசிரேகாவுக்குக் கால் வரவில்லை. தான் எழுந்த அடுத்த நிமிஷம் இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டுவிடுவார்கள், மகள் திங்கட்கிழமைவரைகூடக் காத்திருக்கமாட்டாள், இப்படியே ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்று பயந்தாள். ஆனாலும் எழுந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

இப்போது அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் வெறும் தரை.

“வூட்ட விட்டுப் போறியாமே?” என்றான் ஜீவானந்தம். “நீ யோசிச்சுக்கினு இருக்கறதா அம்மா சொன்னா.”

“யோசிக்கல்லாம் இல்ல. திங்கக்கிழமை சேரணும். பை ரெடி.”

“திங்கக்கிழமையா? நாளன்னிக்கா?” அவன் குரல் உடைந்து வந்தது. “வூட்ல உனக்கு இன்னா கொற வெச்சோம்? ஏன்னு ஒரு வார்த்த எனக்குச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே!” சுபஸ்ரீ ஜன்னலிலிருந்து முழுதாகத் திரும்பினாள். “பரீட்சை ஹால்ல ஒக்காந்தா கை நடுங்குது, நெஞ்ச அடைக்குது, மூச்சே வரல, பாதில எழுந்து ஓடி வந்துட்டேன், செத்துருவேன்னு பயமா இருக்குது, அப்பா ஒரு தடவ எங்கூட காலேஜுக்கு வரட்டும்னு அவ்ளோ அழுதுக்கினு சொன்னேன். அத்தனையும் கேட்டுட்டு நீ ஒண்ணுமே சொல்லலியேப்பா!”

“எங்கிட்ட எப்ப சொன்ன?”

“அம்மாகிட்ட சொல்லியனுப்பினேன். ‘அப்பா ஒண்ணும் சொல்லல, நிம்மதியா இரு’ன்னு அம்மாதான் வந்து சொன்னாங்க.”

ஜீவானந்தம் மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். சுபஸ்ரீயும் திரும்பினாள்.

சசிரேகாவுக்கு அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. ஓவர்டைம் முடித்து, கண் சிவக்க வந்து படுத்தவனிடம் போய், “அவளுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லங்க, காலேஜுக்குப் போவல” என்றாள். அவ்வளவு பெரிய அழுகையை அவள் அந்த ஒரு வரியாக்கிவிட்டிருந்தாள். “ஒடம்பு சரியில்லன்னா டாக்டராண்ட காட்டு. சும்மா வூட்ல குந்திக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?” என்று அவன் எரிந்து விழுந்தான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது? “அப்பா ஒண்ணும் சொல்லலடி” என்றாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு அன்று நிம்மதியாகப் படுத்தாள்.

“அப்போ ரூட் காஸ்...” ஜீவானந்தத்தின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. பழகின விரல், கம்பெனியில் இத்தனை வருஷமும் இப்படித்தான் எழுந்து யாரையாவது காட்டும். அது சசிரேகாவை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது.

சசிரேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மடக்கி, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். “இல்ல மேடம்” என்றான். “ரூட் காஸ்னு இவ பேர எழுத எனக்குக் கை வரல.”

அறிவுமதி சசிரேகாவிடம்தான் கேட்டாள். “அக்கா, அன்னிக்கு உள்ளதச் சொல்லியிருந்தா இன்னா ஆயிடும்னு பயந்தீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். எதற்குப் பயந்தாய் என்று யார் கேட்டார்கள்?

“எங்க அப்பா தட்டத் தூக்கி வீசுவாரு” என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. “அம்மா ஒரு வார்த்த சொன்னா போதும், சோறு சாம்பாரோட சுவத்துல போய் ஒட்டும். நான்தான் பெரியவ. அம்மா சொன்னத மாத்தி அப்பாகிட்ட சொல்லுவேன், அப்பா சொன்னத மாத்தி அம்மாகிட்ட சொல்லுவேன். அன்னிக்குத் தட்டு பறக்காது. என் வூட்ல தட்டு பறக்கக் கூடாதுன்னு... அவ்ளோதாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

“நான் என்னிக்குத் தட்ட வீசினேன்?” என்றான் ஜீவானந்தம். அந்தக் குரலில் சண்டை இல்லை, தாங்கமாட்டாத வருத்தம்தான் இருந்தது.

“வீசல. ஆனா எனக்குப் பயம் போவலியே.”

அறிவுமதி தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தாள். “எனக்குப் பெரிய வித்தையெல்லாம் தெரியாதுங்க. ஒண்ண நம்பித்தான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன். வேணும்னே வூட்டக் கெடுக்கறவங்க யாரும் இங்க படியேறி வரல. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச வழில காப்பாத்தத்தான் பாக்கறாங்க. சின்ன வயசுல அக்காவ அந்த வழி காப்பாத்துச்சு. இப்போ வேற வழி கத்துக்கலாம். அதுக்கு வயசு தாண்டிப்போன ஆளை நான் இன்னும் பாக்கல.”

ஜீவானந்தம் மகளைப் பார்த்துப் பேசினான். எந்த வார்த்தையையும் யாரும் பொறுக்கிக் கொடுக்கவில்லை.

“லைன்ல ஒரு போல்ட்டு லூஸா இருந்தா எனக்கு ஃபோன் வரும் சுபா. வூட்ல நீ மூச்சு முட்டிக்கினு நின்னது எனக்குத் தெரியல. ‘எல்லாம் நல்லாத்தான் கீது’ன்னு அம்மா சொல்லுவா, நானும் தூங்கப் போயிருவேன். உள்ளதச் சொல்லணும்னா, எனக்கும் அது சவுகரியமாத்தான் இருந்துச்சு.” நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். “நீ கூப்புட்டது தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பேன்.”

“எனக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“தெரியாதுதான். எனக்கும் தெரியாதே.”

இதோ, இங்கே குறுக்கே புகுந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்யவேண்டும் என்று சசிரேகாவுக்கு உடம்பெல்லாம் துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“திங்கக்கிழமை போயே ஆவணுமா?” என்றான் அவன்.

“தெரியலப்பா” என்றாள் சுபஸ்ரீ. அந்த வீட்டில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ‘அப்பா’ இன்றைக்குத்தான் நேராக அவன் காதில் விழுந்தது.

திரும்பும்போது மூன்று பேரும் கட்டிப்பிடித்து ஒரே பைக்கில் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவள் ஷேர் ஆட்டோவில்தான் வந்தாள், வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

ஜீவானந்தத்துக்கு இந்த வாரம் மத்தியானம் போகிற செகண்ட் ஷிஃப்ட். சாப்பிட்டு, யூனிஃபார்ம் மாட்டி, ஐடி கார்டைக் கழுத்தில் போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் எழுந்தான்.

“அவளாண்ட சொல்லு...” என்று ஆரம்பித்தான்.

சசிரேகாவின் காது தானாகக் கூர்மையானது. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று மனசு அதற்குள் தயாராகிவிட்டது.

ஜீவானந்தம் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். மறுபடி படியில் உட்கார்ந்து, இறுக்கிக் கட்டின கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. கெட்டியான முடிச்சு, அவசரத்தில் வரவில்லை. ஒருவழியாக ஷூவைக் கழற்றிப்போட்டுவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே போய் மகளின் கதவைத் தட்டினான். கதவு திறந்தது, அவன் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது.

சசிரேகாவின் கை மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டது. கதவோரமாகப் பெருக்குவதுபோல் நின்றால் இரண்டு வார்த்தையாவது காதில் விழும். இரண்டு வீச்சுப் பெருக்கவும் செய்தாள். பிறகு தனக்கே வெட்கமாகி, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருமுனைக்கு ஓடினாள்.

“அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்கண்ணா!”

பஸ் டிரைவர் கன்னியப்பன் தலையை வெளியே நீட்டினார். ஜீவானந்தம் ஒருநாளும் பஸ்ஸைக் காக்கவைத்ததில்லை. “இன்னாம்மா, சூப்பர்வைசருக்கு ஒடம்பு சரியில்லியா?”

‘ஆமாண்ணா’ என்பது சசிரேகாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதே பழைய ‘ஒடம்பு சரியில்ல’. அதை விழுங்கினாள்.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணா. பொண்ணாண்ட பேசிக்கினு இருக்காரு.”

கன்னியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள். “பேசட்டும், பேசட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் என்ஜினை அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜீவானந்தம் ஓடிவந்தான். ஷூக்கயிறு கட்டாமல் தரையில் புரண்டது, கண் சிவந்திருந்தது. சசிரேகாவைத் தாண்டியவன் நின்று, திரும்பி, என்னமோ சொல்ல வாயெடுத்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். ஏறிக்கொண்டான்.

சசிரேகா வீட்டுக்குள் வந்தாள். சுபஸ்ரீயின் கதவு திறந்திருந்தது. நீலப் பை இப்போது கட்டிலுக்கு மேலே, ஜிப் திறந்து கிடந்தது. ஒரு சுடிதார் அவள் மடியில் இருந்தது. எடுக்கிறாளா, வைக்கிறாளா, தெரியவில்லை. கேட்கவும் சசிரேகாவுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அழுது முடித்த மகளின் முகம் தெளிந்திருந்தது.

“அப்பா இன்னாடி சொன்னாரு?”

“எங்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட சொன்னாரும்மா.” சுபஸ்ரீ சுடிதாரை நீவிவிட்டாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, சின்ன வயதில் சிரிப்பதுபோலக் கொஞ்சம் சிரித்தாள். “உன்னைப் பத்தியும் ஒண்ணு சொன்னாரு.”

“இன்னா? இன்னா சொன்னாரு?”

“நான் சொல்ல மாட்டேன். அவரே வந்து உன்னாண்ட சொல்லட்டும்.”

சசிரேகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்னதையெல்லாம் யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அவளுக்கென்றே ஒரு சேதி வருவது இதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பஸ் திரும்பி வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.